லாரமி: ஒரு கொலைக்குப் பிறகு சிற்றூரில் என்ன நடக்கிறது

1998 அக்டோபர் 7ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமி என்னும் ஊரின் மருத்துவமனைக்கு இரண்டு இளைஞர்கள் சிறிது நேர இடைவெளியில் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு அடிதடியில் தலைக்காயம். மற்றவருக்கு மண்டை ஓடு நொறுங்கி, மூளைத்தண்டு வரை சேதம். அவசர சிகிச்சைப் பிரிவில் இருவரையும் பார்த்தவர் ஒரே டாக்டர். படுக்கைகளுக்கு நடுவே ஓரிரு அறைகள்தான். பின்னால் வந்தவரை அந்தக் கதிக்கு ஆளாக்கிய இருவரில் ஒருவர்தான் முன்னால் வந்தவர் என்பது டாக்டருக்கு அப்போது தெரியாது.

ஒரு பெருநகரத்தில் இப்படி நடக்க வாய்ப்பு குறைவு. அங்கே கொன்றவனின் தெரு வேறு, இறந்தவனின் தெரு வேறு, தீர்ப்பு சொல்லும் ஜூரிகளின் தெரு வேறு. சிற்றூரில் எல்லாரும் ஒரே கடையில் பால் வாங்குகிறார்கள். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவர் தாக்கப்படும்போது அந்த ஊருக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை இந்த நெருக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நெருக்கம்தான் அங்கே ஆறுதல், நெருக்கம்தான் அங்கே ஆபத்தும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேத்யூ ஷெப்பர்டுக்கு வயது 21. வயோமிங் பல்கலைக்கழக மாணவர். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்து வாழாதவர். அக்டோபர் 6 மாலை, பல்கலைக்கழகத்தின் பால்புதுமையர் (LGBTQ) மாணவர் சங்கக் கூட்டத்தில் இருந்தார். அடுத்த வாரம் நடக்கவிருந்த விழிப்புணர்வு வாரத்துக்கான ஏற்பாடுகளைப் பேசிய கூட்டம் அது. இரவு ஒரு மதுக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்து உள்ளூர்க்காரர்களான இரண்டு இளைஞர்கள் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரின் கிழக்கு எல்லைக்குப் போனார்கள். மரக்கழி வேலி ஒன்றில் அவரைக் கட்டினார்கள். ஒருவர் கைத்துப்பாக்கியின் பிடியால் தலையில் திரும்பத் திரும்ப அடித்தார். பர்ஸையும் காலணிகளையும் எடுத்துக்கொண்டு, உறையும் குளிரில் அப்படியே விட்டுப் போனார்கள். சுமார் 18 மணி நேரம் கழித்து அந்த வழியே சைக்கிளில் வந்த மாணவர் ஒருவர் முதலில் அதைச் சோளக்கொல்லைப் பொம்மை என்றே நினைத்தார். உள்ளூர் மருத்துவமனையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே, கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பாமலேயே அக்டோபர் 12 அதிகாலையில் அங்கே இறந்தார்.

லாரமியில் அன்று சுமார் 27,000 பேர் வாழ்ந்தார்கள். நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவு. வயோமிங் பரப்பில் தமிழ்நாட்டைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மக்கள்தொகையோ அன்று மாநிலம் முழுக்க 5 லட்சத்துக்கும் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் வாழ்வதற்கென எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: 'நீ யாரென்று எங்களுக்குத் தெரியும், நீயும் சொல்லாதே, நாங்களும் கேட்கமாட்டோம்.' வாழு, வாழவிடு என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கொலை இந்த ஒப்பந்தத்தைத்தான் முதலில் கிழிக்கிறது. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது இத்தனை நாள் பாதுகாப்பாக இருந்தது. இப்போது அதே ஊர், 'நம்மைப் பற்றித் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?' என்று கணக்குப் போட வைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், கேஸ் போடும் பையன், பார்பர், தேவாலயத்தில் பின்வரிசைக்காரர் என ஒவ்வொரு முகமாக யோசிக்க வைக்கிறது.

வெறுப்புக் குற்றத்தைச் சேதி சொல்லும் குற்றம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். அடி விழுவது ஒருவர்மேல், சேதி போய்ச் சேர்வது அவரைப் போன்ற அத்தனை பேருக்கும். உளவியலாளர் கிரகரி ஹெரெக்கும் அவரது குழுவும் கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ பகுதியில் 2,259 தன்பாலீர்ப்பாளர்களிடமும் இருபாலீர்ப்பாளர்களிடமும் ஆய்வு செய்து 1999-ல் வெளியிட்டார்கள். வெறும் திருட்டுக்கோ அடிதடிக்கோ ஆளானவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் தணிந்திருந்தன. தன் பாலீர்ப்புக்காகவே தாக்கப்பட்டவர்களிடம் அவை ஐந்து ஆண்டுகள் வரைகூட நீடித்தன. காரணம் எளிது. திருடனிடம் அகப்பட்டவர் அடுத்த முறை வேறு வழியில் போகலாம், இருட்டு முன் வீடு திரும்பலாம். தான் யார் என்பதற்காக அடிபட்டவர் எந்த வழியில் போனாலும் அந்தக் காரணமும் கூடவே வருகிறது. பெருநகரத்தில் வேறு பேட்டைக்கு மாறிக்கொள்ளலாம். சிற்றூரில் மாறிக்கொள்ள இன்னொரு பேட்டை கிடையாது, ஊரையே விட்டுப் போக வேண்டும். இளையவர்கள் போய்விடுகிறார்கள். வீடும் வேலையும் வயதான பெற்றோரும் உள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். ஊரில் கண்ணுக்குத் தெரியும் தன்பாலீர்ப்பாளர்களின் எண்ணிக்கை குறைகிறது. அதைப் பார்த்து, 'இங்கே அப்படி யாரும் இல்லையே' என்று ஊர் இன்னும் உறுதியாக நம்புகிறது.

எல்லாரும் ஒளிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழிப்புணர்வு வாரத்தை மாணவர் சங்கம் ரத்து செய்யவில்லை. அக்டோபர் 10, சனிக்கிழமை, பல்கலைக்கழகத்தின் ஹோம்கமிங் ஊர்வலம். பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்பும் திருநாள் அது. ஊர்வலத்தின் கடைசியில், மேத்யூவின் பெயர் தாங்கிய பதாகைக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டம் நடக்கத் தொடங்கியது. மஞ்சள் கைப்பட்டை, அதில் பச்சை வட்டம்: இதுதான் அவர்கள் அடையாளம். தெருவோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடைபாதையிலிருந்து இறங்கி இறங்கி அதில் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் திரும்பி வந்தபோது முன்னே போன வாத்தியக் குழுக்களைவிட வால் நீண்டிருந்தது. தன்பாலீர்ப்பாளரான நடுவயதுக்காரர் ஒருவர், கால் முறிந்து வீட்டுக்குள் கிடந்தவர், ஜன்னல் வழியே இதைப் பார்த்தார். பல்லாண்டுகள் அந்த ஊரில் அமைதியாக வாழ்ந்த மனிதர். தெரு முழுக்க மஞ்சள் பட்டை நிறைந்த அந்தக் காட்சி அவருக்கு என்னவாக இருந்திருக்கும்!

அதே வார இறுதியில், மேத்யூ உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஃபோர்ட் காலின்ஸிலேயே, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஹோம்கமிங் ஊர்வலத்தில் ஓர் அலங்கார வண்டியில் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்றை வைத்து, அதன்மேல் தன்பாலீர்ப்பாளரை இழிக்கும் சொற்களை எழுதியிருந்தார்கள்.

துயரம் இறந்தவரின் வட்டத்தோடு நிற்பதில்லை. காவல்துறையிலிருந்து முதலில் வேலியருகே போய்ச் சேர்ந்தவர் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் துறைக் காவலர் ரெஜி ஃப்ளூட்டி. உயிர் இருக்கிறதா என்று பார்த்து, வாயிலிருந்த ரத்தத்தை வழித்து, மூச்சுக்கு வழி செய்தவர் அவர். அவர் கையுறைகள் தாக்குப்பிடிக்கவில்லை. வெறுங்கையில் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. மேத்யூவுக்கு எச்ஐவி தொற்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. தடுப்பு மருந்தை விழுங்கிக்கொண்டு, தொற்று இல்லை என்ற முடிவு உறுதியாகும்வரை தன் பிள்ளைகளைக்கூடத் தயங்கித் தயங்கி நெருங்க வேண்டியிருந்தது அவருக்கு. இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. ரத்தத் தொடர்பு நேர்ந்துவிட்டால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்பது இன்றைய வழிமுறை. சிற்றூர்க் காவல் வண்டியில் நல்ல கையுறை பெட்டி பெட்டியாக இருக்கிறதா, இரவில் மருந்து தரக்கூடிய மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். சம்பவம் நடந்த பிறகு தேடினால் நேரம் கடந்துவிடும்.

லாரமி காவல்துறையில் விசாரணையை முன்னின்று நடத்திய டேவ் ஓமேலி, அதுவரை தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றித் தனக்கு இருந்தது வெறுப்புதான் என்று பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மேத்யூவின் நண்பர்களோடு நாள்கணக்கில் உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கியதில் அந்த மனிதர் மாறினார். வெறுப்புக் குற்றச் சட்டத்துக்காக வாஷிங்டன் வரை போய்ப் பேசினார். பின்னாளில் அந்தக் கவுண்டியின் ஷெரிஃபாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிமுகம் இல்லாத இடத்தில்தான் வெறுப்பு வசதியாக இருக்கும் என்பதற்கு அவரை விடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் கொலையாளிகளின் வீடு. இருவரில் ஒருவர் சாரணர் இயக்கத்தின் உயரிய ஈகிள் விருது பெற்ற பையன். அவரை வளர்த்த பாட்டி ஊரில் பலருக்கும் வேண்டியவர். 1999 ஏப்ரலில் பேரன் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தப் பாட்டி நீதிமன்றத்தில் மேத்யூவின் பெற்றோரைப் பார்த்துத் தன் துக்கத்தைச் சொன்னார். சிற்றூரில் இதுதான் தாங்கமுடியாத முடிச்சு. வெளியூர்ச் செய்தியாளர் அரக்கர்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஊர்க்காரர்கள் அந்தப் பாட்டியை மறுநாள் கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும். அவரிடம் பேசினால் மேத்யூவுக்குத் துரோகமா, பேசாவிட்டால் மனிதத்தன்மையா என்று ஆளாளுக்குத் தவித்தார்கள்.

தவிப்பிலிருந்து தப்பிக்க ஊர் தேடிக்கொள்ளும் குறுக்குவழி ஒன்று உண்டு: 'நாங்கள் அப்படிப்பட்ட ஊர் இல்லை.' தொலைக்காட்சிகளின் செயற்கைக்கோள் வண்டிகள் நீதிமன்ற வாசலை அடைத்துக்கொண்டு நின்ற நாளிலிருந்து, ஊரின் பெயரைக் காப்பாற்றுவது பலருக்கு முதல் கவலையாகிவிட்டது. அந்த வலி புரியக்கூடியதுதான். நாற்பது ஆண்டு வாழ்ந்த ஊரின் பெயர் ஒரே வாரத்தில் கொலைக்கு மறுபெயர் ஆனால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அந்த வாசகத்தைக் கேட்கும் தன்பாலீர்ப்பாளருக்கு அது வேறு மாதிரிக் காதில் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் தன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், எந்தத் தெருவில் கல் விட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். 'அப்படிப்பட்ட ஊர் இல்லை' என்பது அவர் அனுபவத்துக்குப் பொய்ப் பட்டம் கட்டுகிறது. ஊர் தன்னைத் தேற்றிக்கொள்ளும் சொல்லே காயம்பட்டவரை இரண்டாம் முறை தள்ளி வைக்கிறது. லாரமியில் நடந்தவற்றில் இதைத்தான் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று கருதுகிறோம். கொலையைச் செய்தவர்கள் இரண்டு பேர், இந்தத் தள்ளிவைப்பைச் செய்ததில் நல்லவர்களுக்கும் பங்குண்டு.

அந்த வாசகம் முற்றும்போது வதந்தியாகிறது. 'அது வெறும் கொள்ளை', 'போதைப்பொருள் தகராறு', 'ஏதோ முன்பகை'. 2004-ல் ஒரு தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தக் கோணத்தில் வெளிவந்த பிறகு, ஊரில் இதை நம்புகிறவர்கள் பெருகினார்கள். சம்பவம் நடந்தபோது குழந்தையாக இருந்த மாணவர்களுக்கு இதுவே வரலாறாகப் போய்ச் சேர்ந்தது. பணமும் எடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு குற்றத்துக்கு ஒரே நோக்கம்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 'இவன்தான் எளிதாக மசிவான், இவனுக்காக யார் கேட்கப்போகிறார்கள்' என்று ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே வெறுப்பு வேலை செய்துவிடுகிறது. இதற்கு மேல் ஒன்று: விசாரணையில் மேத்யூவின் பாலீர்ப்பைத் தற்காப்பாக முன்வைக்கப் பார்த்தது எதிர்த்தரப்பேதான். மேத்யூ தன்னைத் தொட்டதால் குற்றம் சாட்டப்பட்டவர் நிதானம் இழந்தார் என்று அவருடைய வழக்கறிஞர்கள் வாதிட முயன்றார்கள். நீதிபதி பார்ட்டன் வாய்ட் அந்த வாதத்துக்கு வயோமிங் சட்டத்தில் இடமில்லை என்று தடுத்தார். கொலைக்குக் காரணமாகக் காட்ட ஒருவரின் பாலீர்ப்பு வேண்டும், வெறுப்புக்குச் சான்றாக மட்டும் அது ஆகாது என்றால் எப்படி?

காவல்துறை வெறுப்பை எப்படித்தான் அடையாளம் காண்கிறது? தாக்கும்போது சொன்ன வசவுகள். எடுத்த பொருளின் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத கொடூரம். பாதிக்கப்பட்டவர் சற்று முன் இருந்த இடம் அல்லது கூட்டம். அருகில் வரும் நாள், விழா. அதே பகுதியில் முன்பு நடந்த சிறு தொல்லைகள். தாக்கியவர் பிறகு நண்பர்களிடம் பீற்றிக்கொண்டது. இவற்றில் ஒன்று மட்டும் போதாது, சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப்பிஐ வகுத்த முறையில் இதற்கு இரண்டு படி. முதலில் போன காவலர் 'வெறுப்பு இருக்கலாம்' என்று குறிக்க வேண்டும், பிறகு பயிற்சி பெற்ற இன்னொரு அதிகாரி கோப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சிற்றூரில் இந்த இரண்டாம் படி பெரும்பாலும் காகிதத்தோடு சரி. பத்துப் பதினைந்து காவலர் உள்ள நிலையத்தில் தனியாக யார் இருக்கிறார்கள்? முதல் காவலர் வசவைக் கேட்டும், 'போதையில் உளறினான்' என்று எழுதாமல் விட்டால் அதோடு முடிந்தது. வெறுப்புக் குற்றக் கணக்கெடுப்புச் சட்டம் 1990-ல் வந்தபோதும், உள்ளூர்க் காவல்துறைகள் எஃப்பிஐக்குக் கணக்கு அனுப்புவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததுதான். எனவே அட்டவணையில் பூஜ்யம் என்று பார்த்தால் குற்றம் இல்லை என்று கொள்ளக் கூடாது. எழுதவில்லை என்பதும் பூஜ்யம்தான்.

பாதிக்கப்பட்டவர் நிலையப் படி ஏறுவதே அரிது. புகார் கொடுப்பது சிற்றூரில் தன்னை ஊருக்கு அறிவித்துக்கொள்வதற்குச் சமம். போனை எடுப்பவர் அத்தை மகனாக இருக்கலாம். உள்ளூர்ப் பத்திரிகை காவல்நிலையப் பதிவேட்டை வரிவரியாக அச்சிடும். அன்றைய வயோமிங்கில் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்து முதலாளி வேலையைவிட்டு நிறுத்தினால் கேட்கச் சட்டம் இல்லை. அந்தப் பாதுகாப்பு நாடு முழுமைக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்ததே 2020 ஜூனில்தான். மூக்குடைந்ததற்கு நியாயம் கேட்கப் போய் வேலையும் வீடும் போய்விடும் என்றால், மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டுப் போவதே பலருக்கும் புத்திசாலித்தனம். இதற்கு மாற்று, காவல்துறைக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் பெயர் சொல்லாமல் பதிய ஒரு வழி: கல்லூரி ஆலோசகர், மருத்துவமனைச் செவிலியர், ஒரு சங்கம். அங்கே தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், காயத்தின் புகைப்படம், பார்த்தவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்துத் துணிவு வந்து வழக்குப் போடும்போது கையில் ஏதாவது இருக்கும்.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. மேத்யூ தன்னை மறைக்காதவர், அவர் நண்பர்களே செய்தியாளர்களிடம் சொன்னார்கள். எல்லாரும் அப்படி இல்லை. மருத்துவமனையில் கிடப்பவரின் பாலீர்ப்பை அவர் குடும்பம் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி செய்வது இன்னொரு தாக்குதல். தமிழில் எழுதும்போது சொல்லும் முக்கியம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் தொடங்கிப் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு 2022-ல் பால்புதுமையரைக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பழைய இழிசொற்களையும், மனிதரை வெறும் 'சேர்க்கை'யாகச் சுருக்கும் சொற்களையும் விட்டொழிக்க அது போதும். ஒரு கொலைச் செய்தியில் கொன்றவன் பயன்படுத்திய சொல்லையே தலைப்பில் நாமும் பயன்படுத்தினால், அடித்தவன் பக்கம் நின்றதாகத்தான் ஆகும்.

இறுதிச்சடங்கு வந்தபோது வேறொரு கூட்டம் வந்தது. அக்டோபர் 16, பனி கொட்டிய நாள். மேத்யூ பிறந்த காஸ்பர் நகரின் தேவாலயத்தில் சடங்கு. வெளியே ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் என்ற போதகரும் கன்சாஸிலிருந்து வந்த அவர் சபையினரும் மேத்யூ நரகத்துக்குப் போவார் என்று அட்டை பிடித்து நின்றார்கள். இத்தகையவர்களுக்கு வேண்டியது எதிர்ச்சண்டை. கேமரா முன் ஒருவர் கை ஓங்கிவிட்டால் அவர்கள் நோக்கம் நிறைவேறிவிடும். அடுத்த ஏப்ரலில் லாரமி நீதிமன்றத்துக்கு அதே கூட்டம் வந்தபோது, மேத்யூவின் தோழி ரோமெயின் பாட்டர்சன் ஓர் உத்தி கண்டுபிடித்தார். பிவிசி குழாயை வளைத்துச் சட்டம் செய்து, அதில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினால் பெரிய தேவதைச் சிறகு. ஆளுக்கொரு ஜோடியை முதுகில் மாட்டிக்கொண்டு, ஃபெல்ப்ஸ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அரைவட்டமாக நின்று சிறகை விரித்தார்கள். வாயைத் திறக்கவில்லை, அட்டை பிடிக்கவில்லை. அட்டைகள் மறைந்தன. கேமராவில் தெரிந்தது சிறகுகள் மட்டும். 2016-ல் ஆர்லாண்டோ இரவு விடுதிப் படுகொலைக்குப் பிறகான இறுதிச்சடங்குகளிலும் இதே சிறகுகள் எழுந்தன. இதைப் பின்பற்ற நினைக்கும் ஊர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: முன்கூட்டியே காவல்துறையிடம் சொல்லி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது, பதில் பேசாதிருக்க ஒத்திகை பார்ப்பது, காற்றுக்குச் சட்டம் மடங்காதபடி இணைப்புகளை இறுக்குவது. வயோமிங் காற்று சாமானியமானது இல்லை.

அந்தச் சபை அதோடு விடவில்லை. 2003-ல் காஸ்பர் நகரப் பூங்காவில் மேத்யூவை இழிக்கும் கல்வெட்டு ஒன்றை வைக்க அனுமதி கேட்டது. பூங்காவில் பத்துக் கட்டளைகள் பொறித்த கல் ஏற்கெனவே இருந்தது. ஒரு மதக் கருத்துக்கு இடம் தந்த பொதுநிலத்தில் இன்னொன்றை மறுத்தால் வழக்கு வரும். நகர மன்றம் பத்துக் கட்டளைக் கல்லைச் சட்ட வரலாற்று நினைவிடங்களுக்கான தனிச் சதுக்கத்துக்கு மாற்றிக் கதவை அடைத்தது. ஒரு வெறுப்புக் குற்றத்தின் சங்கிலி ஐந்து ஆண்டு கழித்து, வேறோர் ஊரின் பூங்காக் கல்லில் வந்து இடறுகிறது.

தேவாலயங்களின் பங்கைப் பற்றிப் பேசுகையில் ஒருவரை விட்டுவிட முடியாது. லாரமியின் கத்தோலிக்கப் பாதிரியார் ரோஜர் ஷ்மிட், ஆயரின் அனுமதிக்குக் காத்திராமல் மேத்யூவுக்காக மெழுகுவர்த்தி ஏந்தும் கூட்டத்தை நடத்தினார். கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்திருக்கலாம். அந்த வாரத்தில் யோசிக்க அவகாசம் இல்லை.

பணத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரண தண்டனை கேட்கக்கூடிய இரண்டு கொலை வழக்குகள், குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் குழுக்கள், ஜூரித் தேர்வு, தடயவியல், நீதிமன்றப் பாதுகாப்பு, ஃபெல்ப்ஸ் கூட்டத்தையும் எதிர்க்கூட்டத்தையும் பிரித்து வைக்கும் காவல். இத்தனையும் சிறிய ஆல்பனி கவுண்டியின் தலையில் விழுந்தன. ஷெரிஃப் துறை ஐந்து பேரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப வேண்டியதாயிற்று. அதே 1998-ல், டெக்ஸஸின் ஜாஸ்பர் என்ற இன்னும் சிறிய ஊரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். ஜாஸ்பருக்குக் கூட்டரசின் உதவி கிடைத்தது, லாரமிக்குக் கிடைக்கவில்லை. காரணம், வெறுப்புக் குற்றம் பற்றிய கூட்டரசின் 1968-ன் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைத்தான் சொன்னது. பாலீர்ப்பு அதில் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கப் பதினோரு ஆண்டு ஆனது. மேத்யூவின் பெற்றோர் டென்னிஸும் ஜூடியும் மகன் இறந்த ஆண்டிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி ஊர் ஊராகப் பேசினார்கள். மேத்யூ ஷெப்பர்ட், ஜேம்ஸ் பேர்ட் இருவர் பெயரையும் தாங்கிய சட்டத்தில் அதிபர் ஒபாமா 2009 அக்டோபர் 28 அன்று கையெழுத்திட்டார். பாலீர்ப்பு, பாலின அடையாளம், பாலினம், ஊனம் சேர்க்கப்பட்டன. உடற்காயத்துக்குப் பத்து ஆண்டு வரை, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் வரை தண்டனை. கண்டபடி வழக்குப் போட முடியாது, கூட்டரசின் தலைமை வழக்கறிஞரோ அவர் நியமிப்பவரோ எழுத்தில் சான்றளிக்க வேண்டும். லாரமியின் காயம் நேரடியாகத் தெரியும் பிரிவு ஒன்று உண்டு: இத்தகைய வழக்கில் அசாதாரணச் செலவுக்கு ஆளாகும் உள்ளூர் நிர்வாகத்துக்கு ஆண்டொன்றுக்கு 1 லட்சம் டாலர் வரை மானியம்.

வயோமிங் மாநிலம் அசையவில்லை. 1999 தொடக்கத்தில், கொலை நடந்து சில மாதங்களே ஆன நிலையில், மாநிலப் பிரதிநிதிகள் அவையில் வெறுப்புக் குற்ற மசோதா 30-க்கு 30 என்று சமநிலையில் நின்று தோற்றது. ஊர் மாநிலத்தை முந்திக்கொண்டது. 2000-ல் லாரமி நகர மன்றம், வெறுப்புக் குற்றங்களைப் பதிவுசெய்யவும் காவலருக்குப் பயிற்சி தரவும் வகைசெய்யும் நகர விதியை நிறைவேற்றியது. வேலை, வாடகை வீடு, பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் விதி 2015 மே மாதம் 7-2 என்ற வாக்கில் வந்தது. வயோமிங்கில் அதுவே முதல். பதினேழு ஆண்டு என்பது நீண்ட காலம்தான். ஆனாலும் அதற்கு வாக்களித்தவர்கள் வெளியூர்ச் செய்தியாளர்கள் இல்லை, அதே ஊரார்.

தண்டனை? இருவருக்கும் இரட்டை ஆயுள், ஒன்று முடிந்து ஒன்று. 1999 நவம்பரில் இரண்டாவது ஆளுக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு இருந்தபோது, மேத்யூவின் பெற்றோர் உயிர்ப்பிச்சைக்கு உடன்பட்டார்கள். அவன் சாவதைவிடத் தான் விரும்புவது எதுவுமில்லை என்று அதே மூச்சில் தந்தை நீதிமன்றத்தில் சொன்னார்.

அந்த வேலிக்கு வருவோம். முதல் வாரத்திலிருந்தே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பூவும் கல்லும் வைத்தார்கள், பிரார்த்தனை செய்தார்கள். தனியார் நிலம் அது, பக்கத்தில் குடியிருப்பு. நிலத்துக்காரர் ஒருநாள் வேலியைப் பிரித்தெடுத்துவிட்டார். மதுக்கூடம் பெயர் மாறியது. 2008-ல் பல்கலைக்கழக வளாகத்தில் மேத்யூ பெயரில் ஒரு பெஞ்ச் வந்தது. உட்கார்ந்து பார்த்தால் மாணவர்கள் வகுப்புக்குப் போவது தெரியும்.

கல்லறை மட்டும் வரவில்லை. வைத்தால் இடிப்பார்கள், எச்சில் துப்புவார்கள் என்று பெற்றோர் அஞ்சினார்கள். சாம்பலைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். 2018 அக்டோபர் 26 அன்று, இறந்து இருபது ஆண்டு கழித்து, வாஷிங்டன் தேசியத் தேவாலயத்தின் நிலவறையில் அதை அடக்கம் செய்தார்கள். சடங்கை நடத்தியவர்களில் ஒருவர் ஜீன் ராபின்சன், தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காத ஆயர். அங்கே நாள் முழுக்கக் காவல் உண்டு.